மறுபக்கம் காணாத துளை

அப்பாவின் உளிப்பெட்டியில் ஓர் எழுத்தாணி கிடந்தது. பெட்டியில் உளியும் அரமும் துறப்பணமும் இருக்க, மரவேலைக்கு ஆகாத சாமான் அது ஒன்றுதான். ஒரு சாண் இரும்பு. ஒரு முனை ஊசி. மறுமுனை வாலாக மெலிந்து ஒரு கருங்காலிப் பிடிக்குள் இறங்கியிருக்கும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு ஏதோ காரியமாக வந்த நாஞ்சில்நாட்டுக் கணக்குப்பிள்ளை ஒருவர், பழைய பிடி விண்டுபோயிற்று, புதுசு போட்டுவை ஆசாரி என்று கொடுத்துவிட்டுப் போனாராம். கூலி எட்டுச் சக்கரம் என்று பேச்சு. பிடி தயாராயிற்று, ஆள் வரவில்லை. திருவிதாங்கூருக்கென்று தனி நாணயம் இருந்த காலம் அது, இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். 1949-இல் சமஸ்தானம் போனபோது சக்கரமும் போயிற்று. யாராவது வாங்கிய கடனைத் திருப்பித் தராவிட்டால் "எட்டுச் சக்கரக் கேஸு" என்று அம்மா சொல்வது மட்டும் எழுபதுகள் வரைக்கும் இருந்தது.

அந்தப் பிடியை என் கையில் கொடுத்து அப்பா கேட்பார்: "எடே, இதுக்குள்ள துளை எதுவரைக்கும் போயிருக்கு, சொல்லு பாப்போம்." எனக்குத் தெரியாது. வெளியே இருந்து பார்க்கிற எவனுக்கும் தெரியாது. நுனி மொழுமொழுவென்று பாக்குக்கொட்டை மாதிரி உருண்டு மூடியிருக்கும். அப்பா பதிலும் சொன்னதில்லை.

சாலைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில்தான் எங்கள் கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கட்டை, திண்ணை அழி, உலக்கைப் பூண் கட்டை, மத்து, சிறுபிள்ளைகளுக்குச் செப்புச் சாமான். மத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மோரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் தமிழில் ஒரே சொல், மலையாளத்திலும் அப்படியே. சொல்லைக் கண்டுபிடித்தவன் இரண்டையும் ஒரே வேலையாகத்தான் பார்த்திருப்பான்: மத்தில் கயிற்றைச் சுற்றி மாறிமாறி இழுக்கிறாள் அவள், மரத்தில் கயிற்றைச் சுற்றி மாறிமாறி இழுக்கிறான் இவன். இரண்டு இரும்பு முள்களுக்கு நடுவில் மரத்தைப் பூட்டி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு பையன் இரண்டு முனையையும் பிடித்து இழுக்க வேண்டும். ஆசாரி தரையில் உட்கார்ந்து, கால் விரலாலும் கையாலும் உளியை அண்டக்கொடுத்துப் பிடிப்பார். மரம் ஆசாரியைப் பார்த்துச் சுற்றும்போதுதான் உளி வெட்டும். திரும்பிச் சுற்றும்போது உளியைச் சற்றே விலக்கவேண்டும். பாதி இழுப்பு வேலைக்கு, பாதி இழுப்பு வீணுக்கு. அந்தக் கயிற்றை இழுத்த பையன் நான்தான். ஊருக்கு 1929-இலேயே மின்சாரம் வந்துவிட்டது, பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் ஓடத் தொடங்கிவிட்டது என்றெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வந்து, அறுபதுகளில் நான் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்கு மோட்டார் வந்தது என் கை காய்த்துப்போன பிறகு.

எழுத்தாணிப் பிடி போடுகிற வேலையின் சூட்சுமத்தை அப்பா ஒரே வாக்கியத்தில் வைத்திருந்தார். "மக்கா, துளை முதல்ல. வடிவம் பொறவு." முழு மரத்தைக் கடைந்து அழகாக்கிவிட்டு அப்புறம் நடுவில் துளை போடப் போனால், துறப்பணம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் தகடாகவும் வரும். ஆகவே சதுரக் கட்டையிலேயே துளையைப் போட்டுவிட வேண்டும். அது கொஞ்சம் கோணலாகப் போனாலும் போகட்டும். பிறகு அந்தத் துளையிலேயே ஒரு முளையைச் செருகி, முளையை முள்ளில் பூட்டி, துளையை மையமாக வைத்து வெளியைக் கடைய வேண்டும். வெளியே தெரிகிற உருட்சி, உள்ளே தெரியாத துளைக்குக் கட்டுப்பட்டு வரும். ஆழத்துக்கு அடையாளமாகத் துறப்பணத்து முள்ளில் ஒரு நூலைக் கட்டியிருப்பார். நூல் மரத்தைத் தொட்டால் நிறுத்து.

கடைசியில் துளைக்குள் அரக்குத் தூளைப் போட்டு, இரும்பு வாலை அடுப்பில் காய்ச்சி இறக்குவார். அரக்கு உருகி, ஆறி, இரும்பையும் மரத்தையும் பிடித்துக்கொள்ளும். கத்திப் பிடிக்கும் இதே வழிதான். வாலின் ஓரத்தில் அரத்தால் நீளவாக்கில் ஒரு சின்னக் காடி இழுத்திருப்பார். அது எதற்கு என்று கேட்டேன். "காத்து போகதுக்கு" என்றார். காற்று எங்கே இருக்கிறது, அது ஏன் போகவேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்க ஐம்பது வருஷம் ஆயிற்று.

எழுத்தாணியை இந்த ஊர்க்காரர்கள் நாராயம் என்பார்கள். தமிழில் குண்டெழுத்தாணி, மடக்கெழுத்தாணி, வாரெழுத்தாணி என்று வகை உண்டு. குண்டெழுத்தாணிக்குத் தலையில் கனமான குண்டு, மடக்கெழுத்தாணி கத்தியோடு சேர்ந்து பேனாக்கத்தி மாதிரி மடங்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான சங்கதி, உள்ளே ஒன்றும் கிடையாது. மை கிடையாது. இரும்பு ஓலையைக் கீறும். எழுதி முடித்தபின் கரியையும் பச்சிலைச் சாற்றையும் மேலே தடவித் துடைத்தால் கீறலில் கறுப்பு தங்கும். எழுதும்போது எழுத்து சரியாகக் கண்ணுக்குத் தெரியாது, பிற்பாடுதான் தெரியும். அந்த நம்பிக்கையில் எழுதி வைத்தவைதான் இந்த நகரத்தின் பெரிய சொத்து என்பேன். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் பதிவுகள் லட்சக்கணக்கான ஓலைகள். சுருட்டிக் கட்டிய ஓலைக் கட்டுக்குச் சுருணை என்று பெயர். 1909-இல் கணபதி சாஸ்திரி பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரையில் ஒரு வீட்டுச் சுவடியிலிருந்து பாசனின் நாடகங்களைக் கண்டெடுத்தார். வடநாட்டுக் கவியின் சமஸ்கிருதம், மலையாள எழுத்தில், ஏதோ ஒரு நாராயம் கீறியது. 1912 முதல் அவை திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் அச்சாயின. அந்த நாராயத்துக்குப் பிடி போட்டவன் யார் என்று மட்டும் எந்த முன்னுரையிலும் இராது.

கோட்டைக்குள் மத்திய ஆவணக் காப்பகத்தில் 2022 டிசம்பரில் ஓலைச்சுவடிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 187 சுவடிகளைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு தடவை போனேன். கூட வந்தவர்கள் ஓலையைப் பார்த்தார்கள். நான் ஓலையில் எழுத்து அழுந்தியிருக்கிற ஆழத்தைப் பார்த்தேன். ஒரே கை, ஒரே அழுத்தம், ஆயிரம் ஓலைக்கு. பிடி வழுக்கினால் இது நடக்காது.

எங்கள் தொழிலின் உயர்ந்த மாடி என்று ஒன்று இருந்தது. அது தந்த வேலை. 1851-இல் லண்டன் பெரும் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட தந்த சிம்மாசனம் உத்திரட்டாதியோ சித்திரையோ அல்ல, உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விக்டோரியா ராணிக்கு அனுப்பியது. (இந்த ராஜாக்களின் நட்சத்திரங்கள் எனக்கு எப்போதும் குழம்பும், ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கவேண்டியிருக்கிறது.) 1888-இல் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் கலைப்பள்ளி வந்தது. இன்றைய நுண்கலைக் கல்லூரி அதுதான். தந்தச் செதுக்கலை அங்கே பாடமாக வைத்தார்கள். தந்தக்காரர்கள் எங்களைப் பார்க்கிற பார்வையில் தச்சனைச் சிற்பி பார்க்கிற பார்வை கொஞ்சம் இருந்தது. 1986-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி உள்நாட்டுத் தந்தத்தைத் தடை செய்தார்கள். 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தமும் கூடாது என்றாயிற்று. யானைக்கு நல்லது. தந்தக்காரர் பலர் ஈட்டிக்கும் சந்தனத்துக்கும் கொம்புக்கும் இறங்கி வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக யானையிலிருந்து கிருஷ்ணனைச் செய்தவர்கள் மரத்திலிருந்து யானையைச் செய்யத் தொடங்கினார்கள். புத்தன்சந்தைப் பக்கம் எஸ்.எம்.எஸ்.எம். கைவினைக் கூடத்துக்குப் போனால் அந்த ஈட்டி யானைகளைப் பார்க்கலாம்.

ஈட்டியும் சும்மா கிடைக்கிற மரமல்ல. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் திருவிதாங்கூரில் ராஜமரங்கள். உன் நிலத்தில் நின்றாலும் சர்க்கார் சொத்து. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் பெரிய வேலைக்காரர்கள் கழித்துப்போட்ட துண்டுகள். ஒரு எழுத்தாணிப் பிடிக்கு என்ன வேண்டும், கட்டைவிரல் தடியில் நாலு அங்குலம். துண்டு மரத்திலிருந்து பிழைத்த தொழில் எங்களுடையது. 2017-இலிருந்து ஈட்டியின் குடும்பம் முழுக்க சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் வந்துவிட்டது. துண்டைக்கூட இப்போது பில்லோடு வாங்கிப் பத்திரப்படுத்துகிறேன்.

நாராயத்துக்குப் பின் கட்டைப் பேனா. மரக் கைப்பிடி, நுனியில் நிப்பு, மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுத்து. இதற்கும் துளை சிறிது, நிப்பு செருகுமளவுக்கு. அப்பா பள்ளிக்கூடங்களுக்கு இதை டஜன் கணக்கில் கடைந்தார். நிப்பு என்றால் சாத்தூர். சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பேர்போன அதே சாத்தூர்தான், வீட்டுக்கு வீடு நிப்பு அடித்த ஊர்.

அப்புறம் மையே பேனாவின் வயிற்றுக்குள் போயிற்று. வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை வாங்கினார். இங்கே சுதேசிப் பேனா என்றால் எல்லோரும் ராஜமுந்திரியைச் சொல்வார்கள். அங்கே ரத்னம் செய்த பேனாவை எழுதிப் பார்த்துவிட்டு காந்தி 1935-இல் பாராட்டிக் கடிதம் எழுதினார். சென்னையில் ஜெம் கம்பெனியின் காமா பேனா. பிற்பாடு திருவள்ளூரிலும் ரங்கா என்ற பெயரில் வந்தது. இவையெல்லாம் லேத்தில் கடைந்த எபோனைட் பேனாக்கள். ரப்பரோடு கந்தகத்தைத் தாராளமாகச் சேர்த்து வேகவைத்தால் வருகிற கட்டிப்பொருள் எபோனைட். பெயரே கருங்காலியைப் பார்த்து வைத்தது. நாட்டு ரப்பரில் பெரும்பங்கு எங்கள் கேரளத்தில் விளைகிறது. 1902-இல் தட்டேக்காட்டில் முதல் வணிகத் தோட்டம் போட்டார்கள். ஆனாலும் பேனாத் தொழில் மலை இறங்கி கிழக்கேதான் போயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கடைசல்காரனாக நின்று சொல்லியாக வேண்டும். அந்த எபோனைட் பேனாவின் உடல் எப்படிச் செய்யப்படுகிறது? முழுத் தண்டு. ஒரு பக்கத்திலிருந்து துளை. துளை மறுபக்கம் வராமல் நிற்கவேண்டும், வந்தால் மை ஒழுகும். வாய்ப்பக்கம் மரையிட்டு மூடி, மையைச் சொட்டுக்குழாயால் உள்ளே ஊற்ற வேண்டும். எழுத்தாணிப் பிடியின் நேர் வாரிசு அது. நம் ஊர்ப் பேனா பிறந்ததே அடி மூடித்தான்.

பந்துமுனைப் பேனா வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன், எனக்கு அதில் ருசி இல்லை. எங்கள் பள்ளியில் கையெழுத்துக் கெட்டுப்போகும் என்று வாத்தியார் பிடுங்கி வைத்துக்கொள்வார். எண்பதுகளில் ரெனால்ட்ஸ் சென்னையிலேயே செய்யப்பட்டு வந்தது. வாத்தியார் தோற்றார். தீர்ந்தால் தூக்கி எறி. அவ்வளவுதான்.

நான் பட்டறையில் நிலைக்கவில்லை. தும்பாவில் 1963 நவம்பர் 21-ஆம் தேதி ராக்கெட் கிளம்பியதிலிருந்து நகரத்தில் இரும்பு லேத்து தெரிந்தவனுக்கு ஒரு மவுசு. சாக்கை ஐ.டி.ஐ.-யில் டர்னர் படித்தேன். முப்பத்தைந்து வருஷம் இரும்பையும் பித்தளையையும் கடைந்தேன். இரும்பு லேத்தில் உளியைக் கை பிடிப்பதில்லை, கருவி பிடிக்கும். கை கைப்பிடியைச் சுற்றும். அளவு தவறாது. மனசும் லயிக்காது. ஓய்வு பெற்ற மறுவருஷம் ஒரு சின்ன மர லேத்து வாங்கி, கரமனை வீட்டுப் பின்கட்டில் போட்டேன். அண்டைவீட்டு மலையாளி சார் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, இனி அம்மிக்கல்லும் கடையுமோ?" என்றார்.

பேனாவுக்கென்று உதிரிப் பொட்டலம் விற்கிறார்கள். பித்தளைக் குழாய், நுனிக்கூம்பு, திருகு இயக்கம், கிளிப், தலைமூடி எல்லாம் உள்ளே இருக்கும். அமெரிக்காவில் மரம் கடைதலைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களிடம் இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் பரவிய பழக்கம். முக்கால் அங்குலச் சதுரக் கட்டையில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறும் துளை போட்டு, குழாயை ஒட்டி, இரண்டு பக்கமும் அச்சில் கோத்துக் கடைந்தால் ஆயிற்று. பிறகு இரண்டு நுனியிலும் உலோக மூடி. முதல் பேனா ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேசைமேல் வைத்துப் பார்த்தபோது ஏதோ குறைந்தது. மரம் என்று சொல்ல நடுவில் மட்டும்தான் மரம். தலையும் காலும் பொட்டலத்து உலோகம். எழுத்தாணியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது தலை முதல் கழுத்து வரை கருங்காலி. ஆக, அடி மூடிய பேனா.

இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிற துளையில் வெளிச்சம் தெரியும், சீவல் தானே விழும், கோணலா நேரா என்று கண்ணாலேயே சொல்லலாம். மூடிய துளை அப்படியல்ல. பிட்டில் நூலுக்குப் பதிலாக டேப் ஒட்டினேன், அவ்வளவுதான் என் தலைமுறை செய்த முன்னேற்றம். அரை அங்குலம் உள்ளே போனதும் பிட்டை வெளியே இழுத்துச் சீவலைத் தட்டவேண்டும். இல்லையென்றால் உள்ளே சூடு ஏறி ஈட்டி விரியும். ஈட்டித் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முழங்கையில் தடிப்புக்கூட வரும். முதல் கட்டையில் டேப் வழுகியது தெரியாமல் அழுத்திவிட்டேன். மறுபக்கத்தில் குண்டூசித் தலையளவுக்கு வெளிச்சம். கட்டை போயிற்று. இரண்டாவதில் துளை சரியாக நின்றது. பிசின் தடவி பித்தளைக் குழாயைத் தள்ளினேன். முக்கால்வாசி போய் நின்று, திரும்பி வந்தது. மறுபடி தள்ளினேன், மறுபடி வந்தது. உள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு எதிர்த்துத் தள்ளுகிற மாதிரி. அதற்குள் பிசின் பாதி வழியில் இறுகிவிட்டது.

அன்றைக்குத்தான் காடி ஞாபகம் வந்தது. மூடிய துளைக்குள் காற்று இருக்கிறது. குழாய் இறங்க இறங்க அதற்குப் போக வழியில்லை. குழாயின் மேல் அரத்தால் நீளவாக்கில் ஒரு கோடு இழுத்தேன். அடுத்த குழாய் முணுமுணுக்காமல் இறங்கியது.

கடைசல் சுகமான பகுதி, அதில் சொல்ல அதிகமில்லை. குழாய்க்குள் விரிகிற அச்சைக் கோத்து, அடிப்பக்கத்தை வால்முள்ளால் தாங்கிக்கொண்டு உருட்டி இறக்குவது. சிக்கல் கடைசி நிமிஷத்தில். வால்முள் தாங்குகிற குமிழை வெட்டி எடுத்தாக வேண்டும். வெட்டினால் அந்தப் பக்கம் பிடிமானம் இல்லை. உளியை மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல வைக்கவேண்டும், மரம் நடுங்கினால் நுனியில் நார் பிய்ந்து குழி விழும். பிறகு உப்புத்தாள், முரடிலிருந்து வழவழப்புக்கு. மெருகுக்கு நான் புது ரசாயனம் வாங்குவதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்துச் செப்புக்காரர்கள் செய்வதுபோல அரக்குக் குச்சியைச் சுற்றுகிற மரத்தில் அழுத்துகிறேன். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் பரவும். தாழை ஓலையை மடித்து ஓட்டினால் கண்ணாடி மாதிரி ஆகும். அப்பாவிடம் கற்றதில் கயிறு இழுப்பதுபோக மிஞ்சியது இது.

அடி மூடிய பேனாவில் ஒரு வில்லங்கம் உண்டு. தலைமூடி இல்லையானால் கிளிப்பை மாட்ட இடமில்லை. கிளிப் இல்லாத பேனா சட்டைப்பையில் நிற்காது, மேசையில் உருண்டோடும். சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவனை, 2015-இல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றாரே, அவரை அந்தத் தெருவில் வளர்ந்த எவனுக்கும் தெரியும். பேனாவைப் பையில் குத்திய மனிதர்களால் நிறைந்த தெரு அது: பற்று எழுத, சீட்டு எழுத, கடிதம் எழுத. அவர்களில் ஒருத்தரும் என் பேனாவை வாங்கமாட்டார்கள். உருளாமலிருக்க ஒரு பக்கத்தை அரத்தால் சற்றே தட்டையாக்கித் தருகிறேன். கடைந்த உருளையில் அரம் வைக்க மனசு வராதுதான்.

போன மழைக்காலத்தில் எழுத்தாணியின் பிடி ஆடத் தொடங்கியது. எண்பது வருஷத்து அரக்கு, வறண்டு பொடியாகிவிட்டது. இரும்பைச் சூடு காட்டி மெல்ல இழுத்தேன். வால் முழுசாக வந்தது, ஓரத்தில் அப்பா இழுத்த காடியோடு. வெறும் பிடி கையில். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். பிறகு ஈர்க்குச்சியை விட்டு ஆழம் எடுத்தேன், வெளியே வைத்து அளந்தேன். நம்பாமல் மறுபடி அளந்தேன். அடியில் மிச்சம் இருந்த மரம் ஒரு நெல் தடிமன். கயிற்றில் சுற்றிய மரத்தில், நூல் கட்டிய துறப்பணத்தில். நான் டேப்பும் அளவுகோலும் வைத்துக்கொண்டு அரை அங்குலம் விடுகிறவன்.

அரக்கைப் பொடித்துத் துளைக்குள் போட்டேன். வாலைக் காய்ச்சி இறக்கினேன். காடி வழியாகக் காற்று சீறி வெளியே வந்தது, ஒரு துளி அரக்கும் அதோடு கொப்பளித்து வந்து பிடியின் வாயில் நின்றது. அதைச் சுரண்டவில்லை.